கன்னியாவின் ஏழு வசந்தங்கள்

வாசகர் கேள்வி பதில்

எண்பதுகளில் ஹங்கேரியின் தெப்ரெட்சென் நகரில் 5 வருடம் படித்தேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த மொழியைப் பற்றித்தான். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹங்கேரியரின் குறில் 'அ' வாயைக் குவித்துச் சொல்லும் ஒலி, நம் காதுக்கு ஒகரம் போலவே கேட்கும். அதனால் ஒகரமாகவே எழுதியிருக்கிறேன்.

என் மகன் புலமைப்பரிசில் கிடைத்து செப்டெம்பரில் ஹங்கேரி போகிறான். ஆங்கில–ஹங்கேரிய அகராதி ஒன்றைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 20 சொல் பாடமாக்குகிறான். 'ஸ்பிரிங்' என்ற ஒரு சொல்லுக்கே நாலு சொல் காட்டுகிறதாம். எதைப் படிப்பது என்று என்னிடம் கேட்கிறான். நான் என்ன சொல்ல?
– ஒரு தாய், உப்புவெளி

நாலையும் படிக்கச் சொல்லுங்கள், ஆனால் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அல்ல. இளவேனில் காலம் 'தொவொஸ்'. கட்டில் மெத்தைக்குள்ளும் பேனைக்குள்ளும் இருக்கிற சுருள்கம்பி 'ருகோ'. நிலத்தில் இருந்து நீர் சுரக்கும் ஊற்று 'ஃபொர்ராஷ்'. பாய்ந்து குதிப்பது 'உக்ரிக்'. இந்த நாலும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத சொற்கள். தமிழிலும் அப்படித்தானே? இளவேனிலையும் ஊற்றையும் நாம் ஒருநாளும் குழப்புவதில்லை. குழப்பம் ஆங்கிலத்துக்குள் போனபிறகுதான் வருகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே முதல் வருடம் முழுவதும் மொழி வகுப்புத்தான். சொந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார் ஆசிரியை. எனக்குக் கன்னியா நினைவு வந்தது. அப்பாச்சியின் அந்தியேட்டிக்கு எல்லாரும் அங்கே போய், சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள் ஏழில் ஒவ்வொன்றாக வாளியால் அள்ளிக் குளித்த காலை அது. இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் நிலத்தைக் குத்தி எடுத்த நீர் என்று அப்பா சொன்ன கதையையும் எழுத ஆசைப்பட்டேன். வெந்நீரூற்றுக்கு ஆங்கிலச் சொல்லை நினைத்து, அதை அகராதியில் தேடி, முதலில் இருந்ததை எழுதினேன்: 'ஹேத் மெலெக் தொவொஸ்'. எங்கள் ஊரில் ஏழு வெதுவெதுப்பான வசந்தங்கள் இருக்கின்றன என்று ஆகிவிட்டது.

ஆசிரியை சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, "இதைத் திருத்த மனம் வரவில்லை" என்றார். ஆனாலும் திருத்தினார். பக்கத்தில் 'ஃபொர்ராஷ்' என்று எழுதி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் காட்டினார். 'ஃபொர்' என்றால் கொதித்தல். நீர் குமிழியிட்டுக் கொதிப்பதுபோல் மேலே வருகிறதே, அதனால் ஊற்றுக்கு அந்தப் பெயர். சாதாரணக் குளிர்ந்த ஊற்றுக்கும் அதே சொல்தான். செய்தியின் மூலம், பணம் வரும் வழி எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

மகன் அங்கே போனால் ஹேவீஸ் என்ற ஊருக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். பொலொதோன் ஏரிக்குப் பக்கத்தில், பனிக்காலத்திலும் இறங்கி நீந்தக்கூடிய பெரிய வெந்நீர் ஏரி இருக்கிறது. 'ஹேவ்' வெம்மை, 'வீஸ்' நீர். வெந்நீர் என்பதே ஊரின் பெயர்! டிசம்பரில் தண்ணீரில் இருந்து ஆவி பறக்க, கழுத்தளவு வெந்நீரில் நின்றபோது எனக்குக் கன்னியாக் கிணற்றடியில் நிற்பதுபோலவே இருந்தது.

மகனுடைய கொப்பியில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் முதலில் தமிழை எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்கு நாலு பொருள் என்றால் நாலு வரி. அதற்குப் பிறகுதான் ஹங்கேரியம். அப்புறம் பாருங்கள், பாதி வேலை தமிழே செய்து கொடுத்துவிடும்.

அகராதியில் முதலாவதாக இருக்கிற பொருளை எடுத்தால் போதாதா? அதுதான் அதிகம் பயன்படுவது என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார்.
– உயர்தர மாணவன், கின்னியா

போதாது தம்பி. விடுதியில் அடுப்புப் பற்றவைக்க நெருப்புப்பெட்டி முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'மேட்ச்' என்று தேடினேன். முதலில் 'மெச்ச்' என்று இருந்தது. கடைக்குப் போய் அதையே கேட்டேன். கடைக்கார அம்மா மிகவும் அன்பாக, சனிக்கிழமை என்று பதில் சொன்னார். உதைபந்தாட்டப் போட்டி எப்போது என்று நான் கேட்பதாக நினைத்திருக்கிறார். விரலால் உரசிக் காட்டிய பிறகுதான் 'ஜுஃபொ' என்ற சொல் எனக்குக் கிடைத்தது. சட்டையும் பாவாடையும் பொருந்துகிறதா என்று கேட்க வேறொரு சொல், 'இல்லிக்'.

'ஜுஃபொ' என்பது பற்றவைக்கிற மரம் என்ற நீண்ட சொல்லின் சுருக்கம். 'ஃபொ' என்றால் மரம். இதைக் கவனி: நிற்கிற மரமும் 'ஃபொ', அறுத்து மேசை செய்கிற மரமும் 'ஃபொ'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும், நமக்கும் ஹங்கேரியருக்கும் ஒன்று போதும். வெடிச்சத்தம் இல்லாமல் எரிகிற தீக்குச்சியை 1836 இல் கண்டுபிடித்த இரின்யி யானோஷும் ஒரு ஹங்கேரியர். அந்த நாட்டில்தான் நான் நெருப்புப்பெட்டி கேட்கத் தெரியாமல் நின்றேன்.

சகோதரர்களைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல் போடுவது? ஆங்கிலத்தில் ஒன்று, ஹங்கேரியத்தில் பல இருக்கின்றன.
– மாணவி, மூதூர்

மகள், இந்த இடத்தில் நீ எல்லாரையும் முந்திவிடுவாய். 'பாத்யாம்' என் அண்ணன். 'ஒச்சேம்' என் தம்பி. 'நோவேரெம்' என் அக்கா. 'ஹூகொம்' என் தங்கச்சி. அவ்வளவுதான். என் வகுப்பில் பல நாட்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் மூத்தவரா இளையவரா என்று யோசித்து நிற்க, நான் மட்டும் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனேன். பொதுவாகச் சொல்ல 'தெஷ்த்வேர்' என்றால் போதும். 'தெஷ்த்' உடல், 'வேர்' இரத்தம். உடன்பிறப்பு என்று நாம் சொல்வதற்கு எவ்வளவு கிட்ட வருகிறது பார்.

வைத்தியசாலைத் தாதியையும் 'நோவேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இங்கே 'சிஸ்டர்' என்கிறோம் அல்லவா, அதே மரியாதைதான். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது இரவில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தவர் என் நெற்றியில் கை வைத்தார். அக்கா என்று கூப்பிட்டதாகவே எனக்கு மனதுக்குள் இருந்தது.

இன்னொன்று. எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் யோசிக்காதே. ஆங்கிலம் அண்ணனைக் கைவசம் வைத்திருப்பதாகச் சொல்லும். ஹங்கேரியம் 'நெகெம் வொன்' என்று சொல்லும். 'நெகெம்' எனக்கு, 'வொன்' இருக்கிறது. எனக்கு இருக்கிறது! இந்த இடத்தில் எங்கள் வகுப்புக்கே இரண்டு கிழமை தேவைப்பட்டது. எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

ஹங்கேரியத்தில் தகப்பனுக்கு அப்பா போன்ற சொல்தானாம். அப்படியானால் அது தமிழுக்கு உறவா?
– வாசகர், தம்பலகாமம்

தகப்பன் 'ஒபொ' என்பது உண்மை. உறவு என்பது உண்மை இல்லை. குழந்தையின் உதட்டுக்கு முதலில் எட்டுகிற ஒலிகளில் இருந்து உலகத்தில் எத்தனையோ மொழிகள் இப்படிச் சொற்களைச் செய்திருக்கின்றன. ஹங்கேரியம் யூராலிய மொழிக் குடும்பம். பின்லாந்து மொழியும் எஸ்தோனிய மொழியும் தூரத்து உறவுகள், யூரல் மலைக்கு அப்பால் பேசப்படும் காந்தி, மான்சி மொழிகள் கிட்டிய உறவுகள். விகுதிக்கு மேல் விகுதி ஒட்டிக்கொண்டு போகிற பழக்கம் தமிழுக்கும் உண்டு, துருக்கிய மொழிக்கும் உண்டு. அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. தன் இனத்தின் வேரைத் தேடி ஆசியாவுக்கு நடந்து வந்த கொரொஷி சோமொ ஷாந்தோரும் அந்த வேரைக் காணவில்லை. ஆனால் 1834 இல் திபெத்திய–ஆங்கில அகராதியை அச்சேற்றினார், 1842 இல் டார்ஜிலிங்கில் காலமானார். தேடிப் போனது கிடைக்காவிட்டாலும் இன்னொரு மக்களின் சொற்களை அத்தனை வருடம் உட்கார்ந்து சேர்த்தார் என்பதால் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு.

சின்ன வயதில் நாங்கள் ரயிலைக் 'கோச்சி' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் 'கோச்' என்றால் பஸ்ஸும் ஆகும், விளையாட்டுப் பயிற்றுநரும் ஆகும். இதற்கு ஹங்கேரியத்தில் என்ன?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சீனன்குடா

ஐயா, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். அந்தச் சொல்லே ஹங்கேரியில் இருந்து வந்ததுதான்.

அந்த நாட்டின் வடமேற்கில், புடாவுக்கும் வியன்னாவுக்கும் இடையிலான பாதையில் 'கொச்' என்று ஒரு கிராமம். 15 ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த தச்சர்கள் பாரம் குறைந்த, வேகமாக ஓடக்கூடிய குதிரை வண்டி செய்தார்கள். கொச் ஊர் வண்டி என்பதற்கு 'கொச்சி செகேர்'. 'கொச்சி' என்றால் அந்த ஊருக்குரியது என்றுதான் பொருள். நாளடைவில் வண்டி என்ற சொல் உதிர்ந்து, ஊர்ப் பெயரே வண்டியாகிவிட்டது. ஜெர்மானியர் 'குச்சே' என்றார்கள், போர்த்துக்கேயர் 'கோச்செ' என்றார்கள், ஆங்கிலேயர் 'கோச்' என்றார்கள். எல்லாம் அந்த ஒரு கிராமத்தின் கிளைகள். நீங்கள் சீனன்குடாவில் நின்று கொடி காட்டிய கோச்சியும் அதே கிளையில்தான் இருக்கிறது.

பயிற்றுநர் என்ற பொருள் ஆங்கிலத்தில் பிறகு வந்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள், பரீட்சை என்ற தூரத்தைக் கடக்க ஏற்றிச் செல்கிற தனி ஆசிரியரை அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள். அது மைதானத்துக்கும் போய்விட்டது. ஹங்கேரியர் அதைத் திருப்பி வாங்கவில்லை. அவர்களுக்குப் பயிற்றுநர் 'எட்சோ'. எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து உறுதிப்படுத்தும் வேலைக்குச் சொல்கிற வினையில் இருந்து வந்த சொல். எனக்கு ஆங்கிலச் சொல்லைவிட இது பிடிக்கும். ஓட்டக்காரனை யாரும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதில்லை.

பஸ் அங்கேயும் 'புஸ்'. ரயில் 'வொனொத்', இழுக்கப்படுவது என்ற பொருளில். ரயிலில் கோர்த்திருக்கும் ஒவ்வொரு பெட்டியும் இன்றைக்கும் 'கொச்சி'தான். பேச்சில் காருக்கும் அதே சொல். நான் போன முதல் மாதம், தெப்ரெட்சென் ரயில் நிலையத்தில் சிட்டையைக் காட்டி எங்கே ஏறுவது என்று ஒருவரிடம் கேட்டேன். "ஹொதோஷ் கொச்சி" என்று கையை நீட்டினார். ஆறாம் பெட்டி என்பதை விரலை எண்ணித்தான் விளங்கிக்கொண்டேன், கொச்சி என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்லோயாச் சந்தியில் இரவில் பெட்டி கழற்றிப் பூட்டும்போது, "கோச்சி வெளிக்கிடப் போகுது, ஏறு பிள்ளை" என்று அப்பா சொல்வது காதில் விழுந்ததுபோல் இருந்தது.

ஆங்கிலத்தில் எழுத்துக்கும் கடிதத்துக்கும் ஒரே சொல். ஹங்கேரியத்திலும் அப்படியா?
– ஆசிரியை, உவர்மலை

இல்லை ரீச்சர். எழுத்து 'பெத்தூ', கடிதம் 'லெவேல்'. அதே நேரம், ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிற இரண்டை அந்த மொழி சேர்த்து வைத்திருக்கிறது. 'லெவேல்' என்றால் இலையும்தான். நமக்கு இது புதிதா? பனையில் இருப்பதும் ஓலை, அரசன் அனுப்பியதும் ஓலை. இப்படி நம்மோடு ஒத்துப்போகிற இடங்கள் வேறும் இருக்கின்றன. 'நொப்' சூரியனும் ஆகும், நாளும் ஆகும், நம் ஞாயிறு போல. பாரமில்லாததும் இலகுவானதும் ஒரே சொல், 'கொஞ்ஞூ', லேசு என்று நாம் சொல்வது போல. வலது பக்கம் 'யொப்', அதற்கே மேலும் நல்லது என்றும் பொருள் உண்டு. ஆங்கிலம் 'ரைட்' என்ற அதே சொல்லுக்குள் அடக்குகிற உரிமைக்கு 'யொக்', நீ சொல்வது சரி என்பதற்கு இன்னொன்று. அவற்றை இன்னொரு முறை விரிவாக எழுதுகிறேன்.

விடுதி வாசலில் இருந்த காவல்கார முதியவர், வீட்டில் இருந்து கடிதம் வந்தால் படிக்கட்டில் என்னைக் கண்டதும் "லெவெலெத் யொத்" என்பார். உனக்குக் கடிதம் வந்திருக்கிறது. உனக்கு ஓலை வந்திருக்கிறது என்றே என் காதில் விழும். ஒருமுறை கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த அம்மா, கடிதத்தோடு பூசையில் கிடைத்த வில்வம் இலை ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். அவர் முன்னாலேயே உறையைப் பிரித்தேன். மூன்று இதழோடு காய்ந்து, தட்டையாக வந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் தந்து, "லெவேல் ஒ லெவேல்பென்" என்றார். கடிதத்துக்குள் இலை. அடுத்த வாரத்தில் இருந்து, கடிதம் வந்தால் உள்ளே இலை இருக்கிறதா என்றும் கேட்கத் தொடங்கினார். நான் அதை அம்மாவுக்கு எழுத, அவரும் படிப்பு முடியும்வரை ஒவ்வொரு உறையிலும் ஓர் இலை வைத்தே அனுப்பினார்.