வாசனை போன ஹாப்ஸுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மண்டபம் ஊரில் குளிர்பானக் கடை நடத்துகிறேன். பியரில் வாசனைக்காகச் சேர்க்கும் கேஸ்கேட் ரக ஹாப்ஸ் பூவைக் கொண்டு மதுவில்லாத சோடா செய்து பார்க்க எண்ணி, இணையத்தில், பொடித்து அழுத்திய பெல்லட் வடிவில் 100 கிராம் வாங்கினேன். உறையைப் பிரித்ததுமே நாள்பட்ட சீஸ் வாடை அடித்தது. பொருளின் இயல்பே அதுதான் என்கிறார் விற்றவர். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அமெரிக்காவில் 1972இல் வெளியிடப்பட்ட கேஸ்கேட், பூமணத்தோடு பம்பளிமாஸ் தோலை நினைவூட்டும் வாசனைக்குப் பெயர் பெற்றது. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் காற்றுப்பட்டுச் சிதையும்போது உண்டாகும் ஐசோவலெரிக் அமிலமே நீங்கள் சொல்லும் வாடைக்குக் காரணம். 20 டிகிரி வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தாலே அவ்வமிலங்களில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும் ரகம் இது. நம் கடற்கரை வெக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே, அடுத்த முறை பொதியிட்ட தேதியை மட்டும் பார்த்து ஏமாறாமல், அறுவடை ஆண்டு எது, காற்று நீக்கிய அலுமினிய உறையா, விற்பவர் குளிரில் வைத்திருந்தாரா என்பவற்றைக் கேட்டறிந்து வாங்குங்கள்.

உறை, பற்றுச்சீட்டு, படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண்பது அவர் கடமை. பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் வழக்குத் தொடுக்கலாம். இத்தனை சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால், வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளித்திருப்பதால், கடையை நீங்களே நடத்துவதைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பொதி வந்த அன்றே பிரித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். பல வாரம் வெளியே கிடந்த பொதியென்றால் விற்றவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஹாப்ஸை நீரில் கொதிக்கவைத்துச் சோடா கலப்பதால் மது உண்டாகாது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் மட்டும் விஷயம் வேறு. உரிமமின்றி மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம்.