ஆண்டிஜென் ஆராய்ச்சிக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? மகளுக்கு எச்.பி.வி. ஊசி போடலாமா?

படிவம் ஒன்றில் பயிலும் மகளுக்குப் பள்ளியில் எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசிக்கான ஒப்புதல் பாரம் கொடுத்திருப்பதாகவும், ஆய்வுக்கூடத்தில் ஆராயும் வைரஸையே பிள்ளைகளுக்கு ஏற்றுகிறார்களோ என அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவ்வாறு ஏற்றுவதில்லை. நான் மருத்துவர் அல்லன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவன். சிகிச்சையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆண்டிஜெனைப் பற்றிச் சொல்லலாம்.

நம் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமென அடையாளம் காணும் பொருளே ஆண்டிஜென். எச்.பி.வி. ஊசியில் இருப்பது அவ்வைரஸின் எல்1 என்னும் புறப்புரதம் மட்டுமே. 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆராய்ச்சியாளர்களான இயான் ஃபிரேசரும் ஜியான் சோவும் அப்புரதம் தானாகவே கூடி வைரஸ் வடிவம் கொள்ளச் செய்தனர்; உள்ளே மரபணு கிடையாது. பருப்பில்லாத ரப்பர்க்கொட்டை முளைக்காததைப் போல அந்த வெற்றுக் கூடு பெருகாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான எச்.பி.வி. 16, 18ஆம் வகைகளை 1980களில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஹெரால்ட் சூர் ஹவுசனின் குழு கண்டறிந்திருந்ததால்தான், எந்த வகைக்கு எதிராக ஊசி வேண்டும் என்பதே தெரிந்தது.

என் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். கோயில் மண்டபத்தில் இரத்ததானம் செய்தபோது அவருக்கு, கல்லீரலைத் தாக்கி நாளடைவில் அங்கே புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவந்தது. அதைக் காட்டிக்கொடுத்த பரிசோதனை தேடுவது அந்த வைரஸின் மேற்பரப்பு ஆண்டிஜெனை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாரூக் புளும்பெர்க் 1960களில் அதை ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் இரத்தத்தில் கண்டபோது அவர் புற்றுநோயைத் தேடவில்லை. இரத்தப் புரதங்கள் மனிதருக்கு மனிதர் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்றுதான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்தே இரத்தவங்கிப் பரிசோதனையும், பின்னர் தடுப்பூசியும் பிறந்தன. 1976இல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால் அப்பாவிடம் சோதனை முடிவைச் சொன்ன கிளினிக் பணியாளர், காத்திருந்தவர்கள் அனைவரும் கேட்க, "தட்டையும் கிண்ணத்தையும் தனியாக வையுங்கள்" என்றார். ஒரே தட்டில் உண்பதால் இந்நோய் பரவாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். அந்த வார்த்தை மறுநாளே எங்கள் தோட்டக் குடியிருப்பான லயம் முழுவதும் பரவிவிட, அப்பா அதன்பின் மருத்துவமனைப் படியேற மறுத்துவிட்டார். முறையாக ஸ்கேனும், கல்லீரல் கட்டி சுரக்கக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்துக்கான சோதனையும் செய்துவந்திருந்தால் அவருடைய கல்லீரல் புற்றுநோய் முன்னதாகவே தெரிந்திருக்க வாய்ப்புண்டு. தெரிந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை. ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டு உழைத்துக் கொடுத்த ஒரு சோதனை முடிவைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொல்லத் தெரியாதவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

மருந்து நிறுவனங்களுக்காகப் பேசுகிறேன் என்று யாரேனும் எழுதக்கூடும். அவர்களிடமிருந்து எனக்கு ஒரு சென்கூட வருவதில்லை. தைவான் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி ஊசி போடத் தொடங்கியபின் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. மலேசியாவில் 1989 முதல் அவ்வூசி போடப்படுகிறது. என் பிள்ளைகள் பிறந்தவுடன் பெற்றார்கள். மாணவியருக்கான எச்.பி.வி. ஊசி 2010இல் வந்தது.

ஆகவே பாரத்தில் கையெழுத்திடுங்கள். ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், மகள் வளர்ந்தபின் கருப்பை வாய்ப் பரிசோதனையும் அவசியம். நீங்களும் உங்கள் கணவரும் 1989க்கு முன் பிறந்தவர்களாயின், ஹெப்பாடைட்டிஸ் பி பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். முடிவைத் தனியறையில் சொல்லுமாறு கேட்கத் தயங்காதீர்கள்.