நூனவுட் தொல்லியல் ஆய்வு அனுமதி: விண்ணப்பம் திரும்பியது ஏன்?

கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதியான நூனவுட்டில் தொல்லியல் ஆய்வுக்கு முதல் வகை அனுமதி கேட்டீர்கள்; விண்ணப்பம் ஏன் திரும்பியது என்கிறீர்கள். இரண்டாம் வகை அனுமதி கேட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். அங்கே முதல் வகை என்பது பார்க்க, அளக்க, வரைபடமாக்க மட்டும்தான். நீங்களோ கேம்பிரிட்ஜ் பே ஊர் அருகே கூடார வட்டக் கற்களுக்குள் (பழங்காலக் கூடாரங்களைச் சுற்றி வைத்த கற்கள்) "சின்னச் சோதனைக் குழி" என்று எழுதியிருக்கிறீர்கள். குழி சின்னதானாலும் குழிதான். சரளைமேல் கிடக்கும் ஈட்டிமுனையைப் பையில் போட்டாலே இரண்டாம் வகை.

திட்டத்தில் "சேகரிப்பு", "மாதிரி", "குழி" ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் சிக்கல் அங்கேதான்.

ஊர்க் கலந்தாய்வுப் பகுதியை "பிறகு" என்று விட்டதும் உதவியிருக்காது. விண்ணப்பம் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பாரம்பரிய அறக்கட்டளைக்கும் ஊருக்கும் கருத்துக் கேட்டுப் போகும். இனுயிட்டும் கனடா அரசும் செய்த 1993 நூனவுட் ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு தந்த உரிமை அது, சம்பிரதாயம் இல்லை. எனவே முதலில் கேம்பிரிட்ஜ் பேயில் உள்ள பிட்குஹிர்னிக்குட் இலிஹவுட்டினிக் அமைப்புக்கு எழுதுங்கள். பழைய பெயர் கிட்டிக்மியூட் பாரம்பரியச் சங்கம். மூத்தோரோடு சேர்ந்து ஆய்வு செய்து பழகியவர்கள். எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள்; உங்கள் கேள்வியே மாறிவிடலாம், மாறட்டும். திட்டச் சுருக்கத்தை அவ்வூர் இனுயிட் மொழியான இனுயின்னக்துனிலும் தாருங்கள்.

அப்புறம் ஒன்று. இடம் இனுயிட்டுக்குச் சொந்தமான நிலம் என்றால், அந்த வட்டாரத்தின் கிட்டிக்மியூட் இனுயிட் சங்கத்திடம் நுழைவு அனுமதி தனியாக வேண்டும். வகையை மாற்றினால் அனுமதி நிச்சயம் என்றும் இல்லை. பக்கத்தில் கல்லறை இருப்பதால் ஊர் வேண்டாமென்றால், தோண்டுவதை விட்டுவிட்டு வரைபடமும் மூத்தோர் நேர்காணலும் வைத்தே ஆய்வேட்டை எழுதுங்கள்.