ஹிகாஷியாமாவை வீல்சேரில் பார்ப்பது எப்படி? (கேள்வி பதில்)

ஜப்பானில் கியோட்டோ நகரின் கிழக்கு மலையடிவாரம்தான் ஹிகாஷியாமா. கியோமிசு கோயில், சன்னென்சாகா, நினென்சாகா என்ற கல் பாவிய பழைய தெருக்கள், கியோன் என்ற பழைய கெய்ஷா பகுதி எல்லாம் இங்கேதான். அங்கே வீல்சேருடன் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: கியோமிசு கோயிலில் தொடங்கி சன்னென்சாகா, நினென்சாகா வழியாகக் கியோனுக்கு நடந்து இறங்குவதுதான் எல்லாரும் சொல்லும் பாதை. அம்மாவுக்கு 72 வயது, கையால் தள்ளும் வீல்சேர். நான் ஒருத்திதான் கூடப் போகிறேன். இதே பாதையில் போகலாமா?

போக முடியாது. ஆனால் அந்தப் பாதையில் இருப்பதில் பெரும்பகுதியை அம்மா பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

சன்னென்சாகாவில் 46 படிகள், நினென்சாகாவில் 17. இரண்டு இடத்திலும் பக்கச் சரிவு கிடையாது. நடப்பவர்களுக்கு அது ஒரே நூல். வீல்சேருக்கு அதை மூன்று துண்டாக வெட்டிவிடுங்கள்.

முதல் துண்டு, மேலே கியோமிசு கோயில். அதற்கு டாக்சியில் ஏறி, டாக்சியிலேயே இறங்குங்கள். இரண்டாவது, நெனெ நோ மிச்சி என்ற அகலமான கல் பாவிய தெரு. வடக்கே மருயாமா பூங்காவிலிருந்து இது ஏறக்குறைய சமமாக வரும். இதிலிருந்து தெற்கே நினென்சாகா தெருவுக்குள்ளும் போகலாம். அந்த 17 படிகள் தெருவின் தென்கோடியில்தான் இருக்கின்றன. பழைய மரவீடுகளும் கடைகளும் படிக்கு முன்பே வந்துவிடும். படியின் அடிவாரம் வரை போய்த் திரும்புங்கள், ஏற வேண்டிய தேவையே இல்லை. மூன்றாவது துண்டு கியோன், முழுக்கச் சமதரை.

இந்த மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். தள்ளுபவர் ஒருவர்தான் என்றால் ஒரு காலையில் கியோமிசு, இன்னொரு நாள் மற்ற இரண்டும்.

யசாகா கோபுரத்தை (46 மீட்டர், ஐந்தடுக்கு) அடியில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் யசாகா தெருவின் செங்குத்தான ஏற்றத்தில் தள்ள வேண்டும். ஹிகாஷியோஜி பெருந்தெருவில் நின்று கிழக்கே அண்ணாந்து பார்த்தாலே தெருவின் மேல் முனையில் கோபுரம் தெரியும். எனக்கு அதுவே போதுமென்று படுகிறது.

கேள்வி: கியோமிசு கோயிலுக்குள் வீல்சேர் போகுமா? முகப்புப் படத்தில் படிகளாகத் தெரிகிறதே.

சிவப்பு வாயில் (நியோமோன்) முன்னால் இருப்பது படிதான். வாயிலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், அதாவது வடக்குப் பக்கமாகச் சரிவுப் பாதை மேலே போகிறது. அதில் ஏறிப் பிரதான மண்டபத்துக்கும் அதன் மரமேடைக்கும் போகலாம். 1633இல் திரும்பக் கட்டிய மண்டபம் அது. மேடை தரையிலிருந்து 13 மீட்டர் உயரம். மரப்பலகை இடுக்குகளில் முன்சக்கரம் திரும்பிக்கொள்ளாமல் மெதுவாக ஓட்டுங்கள்.

ஒத்தோவா அருவி மேடைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்து வழி நீளமான படிக்கட்டு. சுற்றுச் சரிவு செங்குத்து. அதனால் அருவியை மேலிருந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவது நல்லது.

கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். 6க்கும் 8க்கும் இடையில் போங்கள். கூட்டத்தில் வீல்சேரில் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகும் தோள்பையும்தான். மேடையிலிருந்து ஊரைப் பார்க்க வேண்டுமானால் கைப்பிடி ஓரத்தில் இடம் கிடைக்க வேண்டும், அது காலையில்தான் கிடைக்கும். டாக்சி எவ்வளவு மேலே வரை வரும் என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். கூட்டம் சேரும் முன் போவதில் அந்த லாபமும் உண்டு.

கேள்வி: டாக்சி செலவு வேண்டாம், நான் திடமாகத்தான் இருக்கிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில் வரை தள்ளிவிட முடியாதா? நடந்தால் 10 நிமிடம் என்கிறார்களே.

அந்த 10 நிமிடமும் ஏற்றம். கணக்காகவே பார்த்துவிடலாம். ஆள் 70 கிலோ, வீல்சேர் 15 கிலோ, மொத்தம் 85. ஜப்பானில் கட்டடச் சரிவுக்கு வைத்திருக்கும் எல்லை 12க்கு 1 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்). அந்தச் சரிவில் 85 கிலோவைப் பிடித்து நிறுத்தவே ஏழு கிலோ பளுவுக்குச் சமமான விசை விடாமல் வேண்டும். 8க்கு 1 என்றால் பத்து கிலோவைத் தாண்டும். கல் பாவிய தரையின் உராய்வு இதற்கு மேல். கட்டடச் சரிவில் 75 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை இளைப்பாறச் சமதளம் விட வேண்டும் என்பது விதி. பழைய கோயில் தெருவில் அப்படி எதுவும் கிடையாது.

இன்னொன்று, ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. சரிவில் வீல்சேரை முன்னோக்கி விட்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார், பிடியும் நழுவும். செங்குத்தான இடத்தில் வீல்சேரைத் திருப்பி, நீங்கள் கீழே, நாற்காலி மேலே என்று பின்னோக்கி இறங்க வேண்டும். கை நேராக விறைக்காமல் முழங்கை சற்று மடிந்திருக்கட்டும், பாதங்கள் முன்பின்னாக. பிரேக்கை வேகம் குறைக்கப் பயன்படுத்தாதீர்கள். பல வீல்சேர்களில் அது நிறுத்திவைப்பதற்கான பிரேக் மட்டுமே, உருளும்போது இழுத்தால் ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டு நாற்காலி பக்கவாட்டில் திரும்பும். பின்னோக்கி இறங்கும்போது உங்களுக்கு முதுகுப் பக்கம் தெரியாது, தெருவோ ஆட்களால் நிறைந்திருக்கும். அதனால்தான் டாக்சி என்கிறேன். கட்டாயம் தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் போங்கள்.

கேள்வி: கியோனில் என்னென்ன பார்க்கலாம்? எங்கே தொடங்குவது?

கெய்ஹான் ரயிலின் கியோன்-ஷிஜோ நிலையத்தில் லிஃப்டில் மேலே வந்தால் ஷிஜோ தெரு. கிழக்கே நேராக யசாகா ஆலயம். ஷிஜோ தெருவை விட்டு ஹனமிகோஜி தெருவில் தெற்கே திரும்புங்கள். கல் பாவியது, சமதரை, மின்கம்பிகளைப் பூமிக்கடியில் இறக்கிவிட்டதால் கம்பங்களும் இல்லை. தெரு முடியுமிடத்தில் கென்னின்ஜி கோயில், 1202இல் தோன்றியது. வளாகத்துக்குள் கட்டணமில்லாமல் சுற்றலாம். உள்மண்டபக் கூரையில் இரட்டை டிராகன் ஓவியம் இருக்கிறது, 2002இல் வரைந்தது. அதைப் பார்க்கக் காலணியைக் கழற்றிப் பாய்த்தரைக்கு ஏற வேண்டும். தெருவில் உருண்ட சக்கரத்தைப் பாய்மேல் ஏற்ற மாட்டார்கள். சக்கரத்தைத் துடைத்து விடுவது, உள்ளே ஓட்டத் தனி வீல்சேர் தருவது என்று கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஹனமிகோஜியிலிருந்து பிரியும் குறுகிய சந்துகள் பலவும் தனியார் வழி. 2024 முதல் அவற்றில் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கூட்டத்தைத் தவிர்க்க நினைத்து அங்கே திரும்பிவிடாதீர்கள்.

யசாகா ஆலயத்தின் புகழ்பெற்ற மேற்கு வாயில் (ஷிஜோ தெருவின் முனையில் சிவப்பாகத் தெரிவது) படியேறும் வாயில். படம் எடுத்துக்கொண்டு தெற்கு வாயிலுக்குச் சுற்றி வாருங்கள். கல் தோரணம் நிற்கும் அந்தப் பக்கம்தான் ஆலயத்தின் முறையான முகப்பே. உள்ளே கும்பிட்டுவிட்டுக் கிழக்கே மருயாமா பூங்காவுக்குள் போகலாம். அங்கிருந்து தெற்கே நெனெ நோ மிச்சி. ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் மனைவி நெனெ 1606இல் நிறுவிய கொதாய்ஜி கோயில் அந்தத் தெருவுக்கு மேலே இருக்கிறது. தெருவிலிருந்து நேராக ஏறுவது படிக்கட்டு. வாகன நிறுத்தம் இருக்கும் பக்கமாகத்தான் சக்கரம் போகும்.

கேள்வி: கியோட்டோ நிலையத்திலிருந்து பஸ்ஸா, ரயிலா?

ரயில். நகரப் பேருந்துகள் தாழ்தளம்தான், ஓட்டுநரே இறங்கி வந்து சரிவுப்பலகை போட்டு, வீல்சேரைப் பட்டையால் கட்டியும் விடுவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிலையத்திலிருந்து கியோமிசு பக்கம் போகும் பேருந்துகளில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கியடித்து நின்றால் வீல்சேர் இடம் திறக்காது, அடுத்ததற்கு நிற்க வேண்டிவரும்.

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா தடத்தில் ஒரே நிலையம் தாண்டித் தோஃபுகுஜி, அங்கே கெய்ஹான் ரயிலுக்கு மாறிக் கியோன்-ஷிஜோ. அல்லது சுரங்க ரயிலில் கராசுமா ஒய்கே போய், தொசாய் தடத்துக்கு மாறி ஹிகாஷியாமா நிலையம். தொசாய் தட நிலையங்களில் நடைமேடைக் கதவுகள் இருக்கின்றன, ரயில் தரைக்கும் நடைமேடைக்கும் இடைவெளியும் குறைவு. ஹிகாஷியாமாவில் இறங்கினால் ஷிராகாவா ஓடையோரமாகத் தெற்கே கியோனுக்கு வரலாம். காலை வேளையில் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜேஆரில் சீட்டு வாயில் ஊழியரிடம் இறங்கும் நிலையத்தைச் சொன்னால் பலகையோடு கூட வந்து ஏற்றுவார்கள், இறங்குமிடத்துக்கும் தகவல் போய்விடும். இதற்கு 15, 20 நிமிடம் பிடிக்கலாம். ரயில் நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: என்னுடையது பேட்டரி வீல்சேர். என்ன கவனிக்க வேண்டும்?

அளவு முதலில். ஜேஆர் ரயில்களுக்கு நீளம் 120, அகலம் 70, உயரம் 109 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சாலைச் சட்டப்படி நீங்கள் பாதசாரி, வேகம் மணிக்கு 6 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நடைபாதையில்தான் போக வேண்டும்.

மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக்கம்பி பிளக். சார்ஜரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி போதும். 220–240 என்று மட்டும் இருந்தால் பிளக் பொருந்தினாலும் பேட்டரி ஏறாது. அதற்கு 100ஐ 220 ஆக்கும் மின்மாற்றி வேண்டும், சார்ஜரின் வாட் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது. அதைச் சுமப்பதைவிட 100–240 சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கழற்றும் லித்தியம் பேட்டரி என்றால் விமானத்தில் ஒன்றுக்கு 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. கழற்றிய பேட்டரி கைப்பையோடு உங்களுடன் வர வேண்டும். பேட்டரி மேல் வாட்-மணி அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள்: 24 × 10 = 240. பயணச்சீட்டு வாங்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் வாங்கிவையுங்கள்.

டாக்சியில் உயரமான ‘ஜேபிஎன் டாக்சி’ வகையில் பக்கக் கதவு வழியே சரிவுப்பலகை போட்டு உட்கார்ந்தபடியே ஏறலாம். பலகையை விரிக்கச் சில நிமிடமும் நடைபாதை ஓரம் கொஞ்சம் இடமும் வேண்டும். நெரிசலான தெருவில் கைகாட்டி நிறுத்தாமல் ஓட்டலிலிருந்து முன்பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஜப்பான் நடைபாதைகள் வழவழவென்று இருக்குமாமே. அப்புறம் என்ன பிரச்சினை?

மூன்று சின்னப் பிரச்சினைகள், மூன்றுமே முன்சக்கரத்துக்கு.

நடைபாதை தெருவில் இறங்கும் இடத்தில் 2 செ.மீ. விளிம்பு விட்டிருப்பார்கள். கவனக்குறைவு இல்லை, பார்வையற்றவரின் கோலுக்கு நடைபாதை முடிகிறது என்று தெரியத்தான். அவர்களுக்கும் நமக்கும் இடையே கண்ட சமரசம் அது. சாய்வாக வந்தால் முன்சக்கரம் விளிம்பில் திரும்பி மாட்டும். நேராக வாருங்கள், தள்ளுபவர் பின்னாலுள்ள மிதிகம்பியை அழுத்தி முன்சக்கரத்தைச் சற்றே தூக்கட்டும்.

அடுத்தது சாக்கடை மேல் போட்ட கம்பிச் சட்டம். நடைபாதை இல்லாத குறுந்தெருவில் வண்டிக்கு ஒதுங்கும்போது சக்கரம் அதன்மேல் ஏறும். கம்பி இடுக்கு உங்கள் ஓட்டத்திசையிலேயே இருந்தால் மெல்லிய முன்சக்கரம் உள்ளே இறங்கி, நாற்காலி நின்றுவிடும், ஆள் முன்னால் விழுவார். ஓரத்தில் ஓட்டாமல், தாண்ட வேண்டுமானால் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள்.

மூன்றாவது கோயில் வளாகச் சரளை. அதில் முன்னோக்கித் தள்ளத் தள்ள முன்சக்கரம் புதையும். நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள், பெரிய சக்கரம் முன்னே போகும்போது வழி கிடைக்கும். முன்னால் மாட்டி ரிக்‌ஷாபோல் இழுக்கும் ‘ஜின்ரிகி’ என்ற இணைப்பும் ஜப்பானில் செய்கிறார்கள். சரளை அதிகமுள்ள இடங்களுக்கு நல்ல கருவி.

கேள்வி: கழிப்பறை?

ரயில் நிலையங்கள், மருயாமா பூங்கா, ஷிஜோ தெருவின் பெரிய பல்லங்காடிகள். பல்லங்காடிக் கழிப்பறைதான் அகலமும் சுத்தமும். ‘கொன்பினி’ எனும் சிறு பலசரக்குக் கடைகளை நம்ப வேண்டாம், பெரும்பாலும் குறுகல். நினென்சாகா பக்கம் போகும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய மரவீட்டு உணவகங்களில் சாப்பிட ஆசை. உள்ளே விடுவார்களா?

வாசலில் ஒரு படி, உள்ளே காலணி கழற்றி ஏறும் 30, 40 செ.மீ. திண்ணை, அதற்கப்பால் பாய். மச்சியா எனப்படும் இந்தப் பழைய மரவீடுகளின் அமைப்பே அதுதான். மேசை நாற்காலி போட்டவையும் நிறைய உண்டு. முன்பதிவில் ஒரு சொல் போதும்: ‘தான்சா’. தரைமட்ட ஏற்றத்தாழ்வு எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்லும் சொல் அது. ‘தான்சா வா அரிமாசு கா?’ என்றால் படி இருக்கிறதா. ‘குருமா-இசு தே ஹைரேமாசு கா?’ என்றால் வீல்சேரில் உள்ளே வரலாமா. எத்தனை செ.மீ. என்று கேட்டால் சிரமம் பாராமல் அளந்தே சொல்லும் கடைகள் உண்டு.

2024 ஏப்ரல் முதல் தனியார் கடைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பது சட்டக் கடமை. அதற்காகப் பழைய வீட்டை இடிக்கச் சொல்ல முடியாது. பலகை ஒன்று போடுங்கள், வாசலருகே மேசை தாருங்கள் என்று கேட்கலாம், தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: மழை பெய்தால்?

ஈரக்கல் வழுக்கும், சக்கரத்தைக் கையால் சுழற்றும் வளையமும் வழுக்கும். குடை பிடித்தால் தள்ளக் கையில்லை. மடிமுழுக்க மூடும் மழைப்போர்வை எடுத்துப்போங்கள், அதன் நுனி சக்கரக் கம்பிகளில் சுற்றாமல் செருகிவிடுங்கள். அன்று சரிவுப் பக்கமே போகாமல், மேற்கூரை போட்ட நிஷிகி சந்தைக்கும் ஷிஜோ தெருவுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஷிஜோவில் 2015இல் வாகனத் தடங்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்து நடைபாதையை அகலமாக்கினார்கள். நிஷிகி குறுகல், திறந்தவுடன் போனால்தான் சக்கரம் உருளும்.

கேள்வி: இவ்வளவு ஏற்ற இறக்கம் அப்பாவுக்கு ஆகாது என்று தோன்றுகிறது. பழைய தெருக்கள்தான் ஆசை. வேறு ஊர் உண்டா?

நடு ஜப்பானின் மலை நகரமான தக்கயாமா. சன்மாச்சி என்ற பழைய வணிகத் தெருக்கள் அங்கே சமதரையில், ஆற்றுக்கு அருகே இருக்கின்றன. படியில்லாத ஊராக வேண்டும் என்று அந்த நகரம் நெடுங்காலமாகவே தெருவோர விளிம்பையும் சாக்கடை மூடியையும் திருத்திவருகிறது. காலைச் சந்தையும் ஆற்றங்கரையிலேயே. பனிக்காலத்தில் மட்டும் வேண்டாம், உறைந்த பனியில் முன்சக்கரம் ஓடாது. ஏப்ரல் பாதிக்கு மேல் போங்கள்.