பழைய பில்லிங் மென்பொருளை வெளி அமைப்புகளோடு இணைக்க எந்தக் கட்டமைப்பு ஏற்றது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை மொத்த வணிகம் செய்கிறோம். விசுவல் பேசிக் 6இல் எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு மேசையிலும் ஓடுகிறது. எல்லாக் கணினிகளும் ஒரே எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தைத் தொடுகின்றன. இனி இதை, பில்களைப் பதிவுசெய்யும் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தோடும், விற்பனைப் பிரதிநிதிகளின் கைப்பேசிச் செயலியோடும், ஒரு பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் மென்பொருளோடும் இணைக்க வேண்டும். செயலி நேரடியாகத் தரவுத்தளத்தைத் தொடலாம் என்கிறார் ஒருவர். அனைத்தையும் மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியே ஓடும் சிறு சேவைகளாக, திருத்தி எழுதலாம் என்கிறார் மற்றொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. உங்களிடம் இப்போது இருப்பது ஈரடுக்குக் கட்டமைப்பு: மேசையில் ஓடும் திரைகள் ஓர் அடுக்கு, தரவுத்தளம் மற்றோர் அடுக்கு. தள்ளுபடி, வரி, கடன் வரம்பு ஆகிய வணிக விதிகள் பெரும்பாலும் திரையில் உள்ள பொத்தான்களுக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும். கைப்பேசிச் செயலி தரவுத்தளத்தை நேரடியாகத் தொட்டால் அதே விதிகளை அங்கும் எழுத வேண்டிவரும். எழுதினாலும் விடை ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விசுவல் பேசிக்கின் ரவுண்ட் செயற்கூறு 2.125 என்பதை 2.12 ஆக்கும், எஸ்க்யூஎல் சர்வரின் ரவுண்ட் அதையே 2.13 ஆக்கும். ஒரே பில்லுக்கு இரு இடங்களில் இரு தொகை வந்து, அந்த ஒரு பைசாவைத் தேடிக் கணக்குப் பிரிவு அல்லாடும். அதோடு, தரவுத்தளத்தை இணையத்துக்குத் திறந்துவைக்கும் ஆபத்தும், தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால்கூட வெளியார் மென்பொருள் நின்றுபோகும் நிலையும் வரும்.

ஆகவே, விதிகள் அனைத்தும் குடியிருக்கும் நடு அடுக்கு ஒன்றை உருவாக்குங்கள். திரைகளும் செயலியும் வெளி அமைப்புகளும் அதனிடம் மட்டுமே பேச வேண்டும்; தரவுத்தளத்திடம் அது மட்டுமே பேச வேண்டும். மூன்று அடுக்கு என்றால் மூன்று சர்வர் வாங்க வேண்டும் என்று பொருளில்லை. தொடக்கத்தில் நடு அடுக்கும் தரவுத்தளமும் ஒரே இயந்திரத்தில் இருக்கலாம். அழைப்புகளின் அளவைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சேர்க்கும் நாற்பது அழைப்புகளைவிட, முழு ஆர்டரையும் ஏற்கும் ஓர் அழைப்பே மேல். வலையமைப்பு பிழையற்றது, தாமதமற்றது என்று நம்புவது மாயை என 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் பீட்டர் டாய்ச் பட்டியலிட்டார். கைப்பேசிச் செயலிகளுக்கு அது இன்றும் அப்படியே பொருந்தும்.

வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட மென்பொருள்களைப் பேசவைக்க 1990களில் கோர்பா, டிகாம் போன்ற இணைப்பு முறைகள் வந்தன. அவை இரு முனைகளையும் இறுக்கமாகப் பிணைத்தன. வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வாலைத் தாண்டுவதிலும் திணறின. பிறகு எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவமும், அதில் செய்தி பரிமாறும் சோப் என்ற முறையும் வந்தன. இன்று ஹெச்டிடிபிஎஸ் வழியே ஜேசன் என்ற எளிய உரை வடிவில் தரவை அனுப்புவதே நடைமுறை. ஆனால் வடிவம் ஒத்துப்போனால் மட்டும் போதாது; தேதி எந்த வரிசையில், தொகை எத்தனை தசம இடங்களில், அளவு டஜனிலா பீஸிலா என்பதையெல்லாம் எழுத்தில் முடிவுசெய்யுங்கள். பழைய தரவில் வாடிக்கையாளர் பெயர்கள் யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் இருந்தால், அவற்றை முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. பலர் இதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அதிகக் கவனம் வேண்டிய இடம், பாதியில் அறுந்துபோகும் அழைப்பு. பில்லை இ-இன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். பதில் வருமுன் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒவ்வொரு பில்லுக்கும் தளம் தரும் பதிவெண்ணான ஐஆர்என் உருவானதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. அந்த 64 எழுத்து எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்தே கணக்கிடப்படுகிறது; எனவே அதே பில்லை மீண்டும் அனுப்பினால் இரண்டாவது எண் பிறக்காது, ஏற்கெனவே பதிவானது என்ற பிழைச் செய்திதான் வரும். நடு அடுக்கு அதைத் தோல்வியாகக் கருதாமல், முன்பு தரப்பட்ட எண்ணை உடனே கேட்டுப் பெற வேண்டும். மறுமுயற்சியின்போது மென்பொருள் புதிய பில் எண்ணை ஒதுக்கிவிட்டால்தான் விபரீதம்: ஒரே விற்பனைக்கு இரண்டு பில்கள் பதிவாகிவிடும். உங்கள் செயலிக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யுங்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் கைப்பேசியே ஒரு தனித்த அடையாளத்தை உருவாக்கி அனுப்பட்டும், அதே அடையாளம் மறுபடி வந்தால் நடு அடுக்கு பழைய பதிலையே தரட்டும்.

உங்கள் தரவுத்தளத்தையும் அரசுத் தளத்தையும் ஒரே பரிவர்த்தனையில், அதாவது முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே பதிவில், கட்ட முடியாது. பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனையில் 'அனுப்ப வேண்டியது' என்ற பதிவையும் எழுதிவைத்து, தனியே ஓடும் ஒரு நிரல் அதை எடுத்து அனுப்புமாறு அமையுங்கள். அனுப்பிய பில்லைத் திரும்பப் பெற நேர்ந்தால் அதற்கும் தனி வழி வேண்டும்: தளத்தில் ரத்துசெய்ய 24 மணி நேரம் உண்டு, அதற்குப் பின் கிரெடிட் நோட்தான். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

மைக்ரோசர்வீஸ் என்பது தனித்தனிக் குழுக்கள் தனித்தனியே வெளியீடு செய்யும் நிறுவனங்களுக்கு உதவுவது. ஓரிருவர் மட்டுமே பராமரிக்கும் மென்பொருளில் அது அறுந்துபோகக்கூடிய அழைப்புகளைத்தான் பெருக்கும். முதலில் இ-இன்வாய்ஸை மட்டும் நடு அடுக்கில் எழுதி, பழைய திரை அதை அழைக்குமாறு செய்யுங்கள். விசுவல் பேசிக் 6இலிருந்தும் ஹெச்டிடிபி அழைப்பு விடுக்க முடியும். அடுத்து வரியையும் தள்ளுபடியையும் நகர்த்துங்கள். ஒவ்வொரு விதியும் நகர்ந்து முடிந்த பிறகு, அதற்குரிய அட்டவணைகளில் எழுதும் உரிமையை மேசைக் கணினிகளின் பயனர் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையெனில் அவசரத்துக்கு யாராவது பழைய வழியிலேயே தரவைத் திருத்திவிடுவார்கள்.