சட்டைப் பொத்தானைப் போடுவது யார்?

கேள்வி: சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாமல், என் கணவரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. செயற்கைக் காலைச் சில வாரங்கள் போட்டு நடந்தவர், பிறகு அலமாரிக்குள் வைத்துவிட்டார். எல்லாவற்றையும் நான்தான் செய்துகொடுக்கிறேன். அவர் இன்னும் இழப்பை ஏற்றுக்கொள்ளவில்லை என்று உறவினர்கள் சொன்னதால் மறுவாழ்வு ஆலோசகரிடம் அழைத்துச் சென்றேன். அவரோ மனதைப் பற்றி அதிகம் பேசாமல், எத்தனை மணிக்கு எழுகிறார், சட்டையை யார் மாட்டிவிடுகிறார்கள், வரவு செலவை யார் பார்க்கிறார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இதனால் என்ன பயன்?

பதில்: விவரம் தெரிந்த ஆலோசகரிடம்தான் போயிருக்கிறீர்கள். உங்கள் கணவர் இழந்தது காலை. சட்டைக்குப் பொத்தான் போடக் கைதான் வேண்டும். அந்தக் கேள்வியின் உட்பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களில் தேவைப்பட்ட உதவி, தேவை தீர்ந்த பிறகும் பழக்கமாகத் தங்கிவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். உளவியலாளர் பியாட்ரிஸ் ரைட், உடல் குறைபாட்டைப் பற்றி 1960இல் வெளியிட்ட நூலில், உடலின் ஒரு பகுதியில் உள்ள குறை பார்ப்பவர் மனதில் ஆள் முழுவதற்குமாகப் பரவிவிடுவதை விளக்கினார். கால் இல்லாதவரிடம் கேட்க வேண்டியதை மனைவியிடம் கேட்பார்கள். அவருக்கு எதற்குச் சிரமம் என்று கணக்குப் புத்தகத்தையும் அவர் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அவரே, தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று நம்பத் தொடங்கிவிடுவார். கால் போனதோடு நிற்க வேண்டிய இழப்பு, இப்படித்தான் வீட்டுத் தலைவர் என்ற இடம் வரை போய்விடுகிறது.

'ஏற்றுக்கொள்ளுதல்' என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு கையாளுங்கள். மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். உறுப்பை இழந்து, இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகிற ஒருவர் அதே படிகளில் வரிசையாக ஏறி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. காலையில் தெளிவாக இருந்துவிட்டு மாலையில் உடைந்துபோகிறவர்களும், பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டுப் படிக்கட்டைப் பார்த்ததும் கலங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் எவரும் தேர்வில் தோற்றவர்கள் இல்லை.

அலமாரியில் இருக்கும் காலுக்கு மனதைவிட எளிய காரணம் இருக்கக்கூடும். அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் எஞ்சிய காலின் பருமன் குறைந்துகொண்டே வரும். முதலில் கச்சிதமாக இருந்த சாக்கெட், அதாவது எஞ்சிய கால் உள்ளே நுழையும் செயற்கைக் காலின் கிண்ணம், தளர்ந்து, நடக்கும்போது உள்ளே ஏறி இறங்கும். அது வலிக்கும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தையும் தரும். எஞ்சிய காலின் மேல் போடும் உறைகளைக் கூட்டியோ சாக்கெட்டை மாற்றியோ இதைச் சரிசெய்ய முடியும் என்பதால், அவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன் செயற்கைக் கால் பொருத்துநரிடம் காட்டுங்கள். கழற்றிய பிறகு 20 நிமிடங்கள் ஆகியும் தோலில் சிவப்பு மறையாவிட்டால், மறுபடி போடாமல் உடனே காட்டுங்கள். சர்க்கரை நோயில் உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால், வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை மட்டும் நம்ப முடியாது.

இல்லாத பாதத்தின் விரல் வலிக்கிறது என்று அவர் சொல்லி, நீங்கள் பயந்து போயிருந்தால் அந்தப் பயமும் வேண்டாம். அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1871இலேயே இந்த உணர்வுக்கு மாய உறுப்பு என்று பொருள்படும் பெயர் வைத்தார்; 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி கொண்டு செய்த சோதனைகளுக்குப் பிறகு, இருக்கும் உறுப்பின் பிம்பத்தை இல்லாத உறுப்பின் இடத்தில் காட்டும் கண்ணாடிப் பயிற்சியும் சிகிச்சைகளில் ஒன்றாகியிருக்கிறது.

இந்த வாரம் ஒரே ஒரு பொறுப்பை அவரிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வலது பாதத்தின் அடியைத் தினமும் சிறு கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டியது அவருக்கு அவசியம்; அதை அவரே பார்க்கட்டும், பார்த்ததை அவரே குறித்து வைக்கட்டும். சட்டை மாட்ட பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும். அந்தப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும்.

கேள்வி: பக்கவாதத்திற்குப் பிறகு என் அப்பா, விளம்பரத்தில் குழந்தையைப் பார்த்தால்கூட விம்மி விம்மி அழுகிறார். சில நேரம் காரணமே இல்லாமல் சிரிக்கிறார். இது மனச்சோர்வா?

பதில்: இப்படித் தானாக வரும் அழுகையும் சிரிப்பும் வேறு, மனச்சோர்வு வேறு; இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் செய்யலாம். உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் பாதிக்கப்படும்போது, உள்ளே இருக்கும் உணர்ச்சிக்குப் பொருந்தாத அழுகையோ சிரிப்போ திடீரென வந்து, சில நிமிடங்களில் நின்றுவிடும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும்; தூக்கம், பசி, ஆர்வம் எல்லாவற்றையும் தொடும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மனச்சோர்வு ஏற்படுவதால், நரம்பியல் மருத்துவரிடம் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. அழுகை வரும்போது சுற்றி நின்று தேற்றாதீர்கள், அது கூடும். பேச்சை மாற்றுங்கள். விருந்தினரிடம், "அப்பாவுக்கு இது தானாக வரும், வருத்தம் ஒன்றுமில்லை" என்று முன்பே சொல்லிவிட்டால் அவருடைய வெட்கம் பாதி குறையும். அவர் எதிரில் சொல்வதானால், சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற, மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய். கொஞ்ச தூரம் நடக்க முடியும். வெளியே போகச் சக்கர நாற்காலி பயன்படுத்தலாம் என்கிறார் ஆலோசகர். அதில் உட்கார்ந்தால் தோற்றுவிட்டதாக ஆகாதா?

பதில்: யாரிடம் தோற்றதாக? இந்த நோயில் களைப்பே பலரை முடக்குகிறது. ஒரு நாளுக்குக் கிடைக்கும் தெம்பு கைச்செலவுப் பணம் போல. வாசலிலிருந்து நண்பரின் வீடு வரை நடப்பதற்கே அதைக் கொட்டிவிட்டால், அங்கே பேசுவதற்கு மிச்சம் இருக்காது. உடல் இயக்கத்தையும் குறைபாட்டையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடுகூட, உடலின் நிலையோடு, ஒருவர் என்ன செய்கிறார், எதில் கலந்துகொள்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எங்கே நடந்தீர்கள், அதன் பிறகு எதைச் செய்ய முடியாமல் போயிற்று. வீட்டுக்குள் நடப்பதையும் பிசியோதெரபிப் பயிற்சிகளையும் விட வேண்டியதில்லை. நாற்காலியை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்காதீர்கள். இருக்கை உங்கள் இடுப்பின் அகலத்திற்கும் தொடையின் நீளத்திற்கும் அளவெடுத்து அமையாவிட்டால், தள்ளித் தள்ளித் தோள்வலிதான் மிஞ்சும்.