சம்பாவை நீக்கி மறுபடி நிறுவியும் விண்டோஸ் ஏன் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது?

கேள்வியின் சுருக்கம்: லினக்ஸ் மின்டில் ஒரு ஃபோல்டரை வலது கிளிக் செய்து சம்பா (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாக ஷேர் பண்ணியாயிற்று. விண்டோஸ் கணினியிலிருந்து திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. லினக்ஸில் லாகின் செய்யும் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. சம்பாவை நீக்கி மறுபடி நிறுவியும் எதுவும் மாறவில்லை.

மறுநிறுவல் இதற்கு மருந்தே அல்ல. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கடவுச்சொல்.

சம்பாவின் கடவுச்சொல் பட்டியல் தனி. உங்கள் லாகின் கடவுச்சொல்லின் ஹேஷ் (மூலத்துக்குத் திருப்ப முடியாத குறியீட்டு வடிவம்) /இடிசி/ஷேடோ கோப்பில் இருக்கிறது. விண்டோஸ் பேசும் என்டிஎல்எம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறைக்கு வேறு வகை ஹேஷ் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டு எடுக்க முடியாது. அதனால் சம்பா தனக்கென்று ஒரு கோப்பை வைத்துக்கொள்கிறது. வலது கிளிக் ஷேர் அதில் உங்களைச் சேர்ப்பதில்லை. நீங்கள்தான் டெர்மினலில் சேர்க்க வேண்டும்:

சுடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ பயனர்பெயர்

அந்தப் பயனர் லினக்ஸில் ஏற்கெனவே இருக்க வேண்டும். பயனர்பெயர் என்பது லாகின் திரையில் அழகாகத் தெரியும் முழுப்பெயர் அல்ல, ஹோம் ஃபோல்டருக்கு இருக்கும் சிறிய எழுத்துப் பெயர். சேர்ந்ததா என்று 'சுடோ பிடிபிஎடிட் -எல்' காட்டும் (பெரிய எல்). பின்னாளில் லாகின் கடவுச்சொல்லை மாற்றினால் சம்பாவில் உள்ளது தானாக மாறாது, எஸ்எம்பிபாஸ்டபிள்யூடியையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

இதற்குப் பிறகும் முடியவில்லையென்றால் விண்டோஸ் பக்கம் ஓடாதீர்கள். எஸ்எம்பிகிளையன்ட் என்ற தொகுப்பை நிறுவி, அதே லினக்ஸ் கணினியிலிருந்து //லோக்கல்ஹோஸ்ட்/ஷேர்பெயர் என்று '-யு பயனர்பெயர்' சேர்த்து இணைத்துப் பாருங்கள் (பெரிய யு). விண்டோஸ் எல்லாத் தவறுக்கும் ஏறக்குறைய ஒரே பெட்டியைக் காட்டும்; இது சரியான பிழைப்பெயரைச் சொல்லும். 'லாகான் ஃபெயிலியர்' என்றால் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு. 'ஆக்சஸ் டினைடு' வந்தால் பெரும்பாலும் கடவுச்சொல் சரி, அனுமதிதான் தடுக்கிறது. 'பேட் நெட்வொர்க் நேம்' என்றால் அந்தப் பெயரில் ஷேரே இல்லை, அல்லது அது காட்டும் பாதைக்குள் சம்பாவால் நுழைய முடியவில்லை. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் சம்பாவின் எஸ்எம்பிடி சேவை ஓடவில்லை. இங்கே எல்லாம் சரியாகி, விண்டோஸிலிருந்து மட்டும் இணைப்பு தொங்கி நின்றால் ஃபயர்வாலில் டிசிபி 445 (விண்டோஸ் பகிர்வு முறையான எஸ்எம்பியின் போர்ட்) திறந்திருக்கிறதா பாருங்கள்.

அனுமதியில் பலரும் ஃபோல்டரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறார்கள். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தப் பயனருக்கு நுழையும் உரிமை, அதாவது 'எக்ஸ்' வேண்டும். மின்டுக்கு அடிப்படையான உபுண்டுவில் 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு (வெளியாருக்கு நுழைவே இல்லை) வருகின்றன. உங்கள் பெயரில் இணைத்தால் தொல்லை இல்லை. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பு 'நோபடி' என்ற பயனராக வருகிறது. உள்ளே இருக்கும் ஃபோல்டரை 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) ஆக்கினாலும் ஹோம் வாசலிலேயே நின்றுவிடும். 'நேம்ஐ -எல் முழுப்பாதை' என்று ஓட்டினால் (இங்கே சிறிய எல்) ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாகத் தெரியும், எந்தப் படியில் தடை என்பது ஒரே பார்வையில் பிடிபடும். /மீடியா கீழ் தானாக மவுன்ட் ஆகும் வெளி டிஸ்க்குக்கும் இதே சிக்கல்தான்: அந்தப் பாதை லாகின் செய்திருப்பவருக்கு மட்டும் திறந்திருக்கும். பகிர்வதற்கென்று /எஸ்ஆர்வி கீழ் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்வதே சுத்தமான வழி. ஹோமை 755 (எல்லாரும் நுழைந்து படிக்கலாம்) ஆக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்க மாட்டேன். ஒரு ஷேருக்காக வீட்டையே திறந்து வைக்க வேண்டாம்.

விண்டோஸ் பக்கம் இரண்டு பொறிகள். பழைய தவறான கடவுச்சொல்லை கிரெடென்ஷியல் மேனேஜர் நினைவில் வைத்திருக்கும். அங்கே போய் அழியுங்கள். ஒரே சர்வருக்கு இரண்டு வேறு பெயர்களில் ஒரே நேரத்தில் இணைய விண்டோஸ் விடாது (பிழை 1219). 'நெட் யூஸ் * /டெலீட்' திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டிக்கும். விருந்தினர் ஷேரை மட்டும் நம்பியிருந்தால், விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 முதல் எஸ்எம்பி கையொப்பம் (செய்தி நடுவில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் முத்திரை) இயல்பாகவே கட்டாயம். விருந்தினர் இணைப்பில் கையொப்பமிட வழியில்லை என்பதால் அது தோற்கும். கடவுச்சொல்லோடு இணைவதே நல்லது.

இப்போது மறுநிறுவல். 'ஆப்ட் ரிமூவ்' நிரலை மட்டும் எடுக்கும், அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் (சிறிய எல்) 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் இப்படி மிஞ்சியவைதான். சரி, அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும் 'ஆப்ட் பர்ஜ் சம்பா' என்று கொடுத்தால்? சம்பாவின் முக்கிய அமைப்புக் கோப்பான /இடிசி/சம்பா/எஸ்எம்பி.கான்ஃப் அப்போதும் அசையாது. அந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்வது சம்பா தொகுப்பு அல்ல, சம்பா-காமன் என்ற இன்னொரு தொகுப்பு. பொறுமையிழந்து கையால் அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் பொதுவாக அது திரும்பி வராது: நீங்கள் வேண்டுமென்றே அழித்ததாகத்தான் டெபியன் வழித் தொகுப்பு மேலாளர் எடுத்துக்கொள்கிறது. பழைய நிலைக்குப் போக எளிய வழி, /யுஎஸ்ஆர்/ஷேர்/சம்பா கீழ் இருக்கும் மூல எஸ்எம்பி.கான்ஃபை அந்த இடத்துக்கு நகலெடுத்து, அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டி, எஸ்எம்பிடியை ரீஸ்டார்ட் செய்வது. எதையும் நிறுவல் நீக்கத் தேவையில்லை.

சம்பா என்று பெயர் தொடங்கும் எல்லாவற்றையும் பர்ஜ் செய்வது இதைவிட மோசம். அவற்றோடு லிப்எஸ்எம்பிகிளையன்ட் என்ற நூலகமும் போனால் அதை நம்பியிருக்கும் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸும் கூடவே போகும். ஃபைல் மேனேஜரில் நெட்வொர்க் இடங்கள் திறக்காது. 'இவை நீக்கப்படும்' என்று ஆப்ட் காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள். பர்ஜோடு சம்பா கடவுச்சொற்களும் போய்விடலாம், எனவே பிறகு பிடிபிஎடிட்டில் ஒருமுறை பாருங்கள்.

அப்டேட்டின்போது 'எஸ்எம்பி.கான்ஃப் மாற்றப்பட்டுள்ளது, என்ன செய்ய?' என்று கேட்டால் உங்களுடையதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதியது .யுசிஎஃப்-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் இருக்கும், பிறகு நிதானமாக ஒப்பிடலாம். புதியதைத் தெரிவு செய்தால் நீங்கள் எழுதிய ஷேர் பகுதி காணாமல் போகும். வலது கிளிக் ஷேர்கள் இதில் தப்பும், அவை /வார்/லிப்/சம்பா/யூசர்ஷேர்ஸ் கீழ் தனிக் கோப்புகளாக இருப்பதால்.

நிறுவும்போது 'லாக் எடுக்க முடியவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. காத்திருங்கள், லாக் கோப்பை அழிக்காதீர்கள். நடுவில் மின்சாரம் போய் அரைகுறையாக நின்றிருந்தால் மட்டும் 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் சேவையின் பெயர் எஸ்எம்பி, எஸ்எம்பிடி அல்ல. அங்கே அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் ஆக்சஸ் டினைடு வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள்: ஃபோல்டருக்கு சம்பா_ஷேர்_டி என்ற லேபிள் வேண்டும். அதை எஸ்இமேனேஜில் பதிந்து ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். எஸ்இலினக்ஸை அணைக்க வேண்டியதில்லை.